பாய்லர்காரரின் கறுப்புப் புகையிலை

அவர் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்ததில்லை. பைப் என்றால் அவருக்கு ஆவி போகிற பைப்தான். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் பாய்லர் பார்த்தவர். போர்வையும் தலையணை உறையும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அந்தக் கூடத்தில், வால்வு சீறும் சத்தத்தை வைத்தே உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று சொல்லிவிடுவார். மீட்டரைப் பார்ப்பது மீட்டரின் மனம் கோணக்கூடாது என்பதற்காகத்தான். ஊரே அவரைப் பாய்லர்காரர் என்றது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை.

மனைவி பிஸ்கெட் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் பிரிவில் இருந்தவர். ஒவ்வொரு அடுப்பிலிருந்து வருவதையும் கடித்து, மென்று, துப்பி, வாய் கொப்பளித்து, ஒரு தாளில் நாலு வரி எழுதுவது வேலை. அரை நிமிடம் கூடுதலாக வெந்திருந்தால் மூக்கே சொல்லிவிடும். அவர் ஒரு வருடம் முன்பே ஓய்வு பெற்று, வீட்டைத் தன் இஷ்டப்படி ஒழுங்கு செய்து நிம்மதியாக இருந்தார். அந்த ஒழுங்குக்குள் இடம் தெரியாமல் வந்து சேர்ந்த அலமாரி மாதிரி புருஷன் வந்து சேர்ந்தார். முதல் வாரமே சமையலறையில் நின்று குக்கர் விசிலைக் கேட்டுவிட்டு, "இது ஆவியை வீணடிக்கிற சாமான்" என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து சமையலறை வாசலைத் தாண்டக்கூடாது என்று உத்தரவானது.

மனைவியின் தம்பி கப்பலில் கணக்கராக இருந்தவர். வருடத்துக்கு ஒரு முறை வந்து பதினைந்து நாள் தங்குவார். சாப்பாடு முடிந்ததும் பால்கனியில் உட்கார்ந்து, ஒரு வளைந்த பைப்பைத் தட்டி, துடைத்து, அடைத்து, பற்றவைத்து, அது அணைந்து, மறுபடி பற்றவைத்து என்று ஒரு மணி நேரத்தை ஓட்டுவார். அந்த முறை கொண்டுவந்த டப்பாவில் கரியைப் போலக் கறுத்த புகையிலை இருந்தது. கறுப்பு காவெண்டிஷ் என்றார். சாதாரண இலைதான், மணிக்கணக்காக ஆவியில் வேகவைத்து வேகவைத்து இப்படிக் கறுக்க வைக்கிறார்கள், அதனால் காரம் போய் சாதுவாகிவிடுகிறது என்று விளக்கினார்.

பாய்லர்காரர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "ஆவியிலயா?"

"ஆவிலதான் அத்தான். ஆனா அது வேற ஆவி. வீட்ல ஆகுற வேலையில்ல."

மச்சான் ஊருக்குப் போன பிறகும் அந்த வார்த்தை போகவில்லை. வேற ஆவி. பேய் பிசாசை விட்டால் ஆவியில் வேறு என்ன ஆவி இருக்கிறது? முப்பத்திரண்டு வருடம் தான் பார்த்தது என்னவாம்? பல் தேய்க்கும்போதுகூட அதையே மென்றுகொண்டிருந்தார். நாலாம் நாள் நாற்றுப் பண்ணைக்குப் போய் புகையிலை விதை வாங்கிவந்தார். மூக்குப்பொடி போல அவ்வளவு நுணுக்கமான விதை. காகிதத்தைப் பிரித்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்தது. பாதி விதை பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போனது. மிச்சத்தில் முளைத்தவை பதினாறு.

பழைய பெயிண்ட் வாளிகளில் நட்டார். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் ஏதோ கோபம் வந்த மாதிரி வளர்ந்தன. மொட்டை மாடிக்கு யாராவது வந்தால் செடிகளுக்கு நடுவே அவருடைய வழுக்கை மட்டும் தெரியும். பூங்கொத்து தலைகாட்டியதும் கிள்ளினார், இலைக்கக்கத்தில் முளைத்த பக்கக் கிளைகளை ஒடித்தார். கையில் ஒட்டிய பிசின் சோப்புக்கும் மசியவில்லை, மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை. அந்தக் கையோடு அவர் தொட்ட கதவு, ரிமோட், மூக்குக்கண்ணாடி எல்லாம் அவரோடு கொஞ்ச தூரம் கூடவே வந்தன.

இலை பறித்ததும் பிரச்சினை வீட்டுக்குள் வந்தது. நிழலில் தொங்கவிட வேண்டும், காற்று வேண்டும், அவசரம் கூடாது. மகள் கல்யாணமாகிப் போன பிறகு சும்மா கிடந்த அறையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினார். இலைகள் மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகின. வெயில் நாளில் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். மழை ஈரம் பட்ட நாளில் தோல் மாதிரி பதமாக வளையும். அந்தப் பதத்துக்காக அவர் மழையை எதிர்பார்த்து ஜன்னலில் நின்றார். துணி காயப்போட இடமில்லாமல் மனைவி வெயிலை எதிர்பார்த்துப் பக்கத்து ஜன்னலில் நின்றார்.

ஆறு வாரம் கழித்து, மனைவி கடைக்குப் போயிருந்த சமயம், கொஞ்சம் இலைகளின் நடு நரம்பை உருவி எடுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி, பெரிய குக்கரில் வைத்தார். விசிலைக் கழற்றிவிட்டார். தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்று மனக்கணக்குப் போட்டார். மனக்கணக்கு பாய்லருக்குச் சரி, குக்கருக்குத் தப்பு. மனைவி திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார். குக்கருக்குள் தண்ணீர் வற்றி, ரப்பர் உருகி, இலை அடுப்புக்கரியாகியிருந்தது. பாய்லர்காரர் அதைக் கிண்டிப் பார்த்து, கறுப்பு என்னவோ வந்துவிட்டது என்றார். மனைவி பழைய ஒற்றை அடுப்பு ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிப் பின்பக்கப் பால்கனியில் வைத்து, இட்லித் தட்டு மாதிரி ஓட்டை போட்ட தட்டோடு ஒரு உயரமான அலுமினியப் பாத்திரத்தையும் அதன் பக்கத்தில் வைத்தார். குடும்பத்தில் இதற்குப் பெயர் தனிக்குடித்தனம் வைப்பது.

இரண்டாம் தடவை மூடியின் உள்பக்கம் திரண்ட தண்ணீர் சொட்டுச் சொட்டாக இலைமேல் விழுந்து, எல்லாம் வெந்த கீரையாகிவிட்டது. இலையின் இனிப்பு முழுக்க அடியில் பழுப்புத் தண்ணீராக நின்றது. அவர் நொந்துபோகவில்லை. ஆவியில் சொட்டு விழுந்தால் தப்பு ஆவியின் மேல் இல்லை, மூடியின் மேல்தான் என்று அவருக்குத் தெரியும். மூடியைத் தடித்த துண்டில் பொதிந்து கட்டினார். பக்கத்தில் எப்போதும் ஒரு கெட்டிலில் கொதிநீர் வைத்து, அரை மணிக்கொரு தரம் ஊற்றினார். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அறுந்துபோகும்.

மூன்றாம் தடவை, காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார். முதல் ஒரு மணி நேரம் குதிரை லாயத்தின் வாடை. பதினொரு மணிக்கு மேல் வாடை மாறி, யாரோ பேரீச்சம்பழத்தை வைத்து ரொட்டி சுடுவது போல வாசனை கிளம்பியது. பன்னிரண்டரை மணிக்குக் கீழ்த்தளத்துப் பல் டாக்டரம்மா கையுறையோடு படியேறி வந்தார்.

மேலே என்ன பண்றீங்க என்று மரியாதையாகத்தான் கேட்டார். நாற்காலியில் படுத்திருக்கும் ஆள் ஒவ்வொருவருக்கும் இந்த வாசனையில் வாய் ஊறுகிறதாம். பல்லை உலர்த்தி சிமெண்ட் வைப்பதற்குள் வாயில் குளம் கட்டிவிடுகிறதாம். அதற்குள் ஒரே பல்லை மூன்று தடவை அடைத்தாயிற்று. பாய்லர்காரர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். ஆனால் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. வாய் ஊறுகிறது என்றால் வேலை சரியான திசையில் போகிறது என்றுதானே அர்த்தம்? கிளினிக் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அடுப்பு மூட்டுவது என்று ஒப்பந்தமானது.

அன்று பாதியில் அணைத்ததை ஒதுக்கிவிட்டு, அடுத்த ஞாயிறு மிச்ச இலையை ஏற்றினார். நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். இலை கரும்பழுப்பாகியிருந்தது. இறக்கலாமா வேண்டாமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆவியைத் தெரியும். இலையைத் தெரியாது. மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவரைப் பார்க்கப் பொறுக்காமல், உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த மனைவி எழுந்து வந்தார். பாத்திரத்துக்கு மேல் குனியக்கூட இல்லை. பால்கனிக் கதவருகில் நின்று இரண்டு மூச்சு இழுத்தார்.

"மூடுங்க. இன்னும் வேகல."

"எப்படிச் சொல்ற?"

"மாவு வாடை இருக்கு. மேல் வாசனைதான் இனிக்குது, அடில பச்சை. இன்னும் நாப்பது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் விட்டீங்கன்னா கசக்கும்."

நாற்பதாவது நிமிடம் இறக்கினார்கள். இலை கறுகறுவென்று, எண்ணெய் தடவியது போல மினுங்கியது. அவர் அதை இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து இரும்புக் கிளாம்பால் இறுக்கினார். மூன்று நாள் கழித்துப் பிரித்தால் கறுப்புச் செங்கல் மாதிரி ஒரு கட்டி. கூரான கத்தியால் மெலிதாகச் சீவி, உதிர்த்து, ஈரம் போக உலரவைத்து, கண்ணாடி ஜாடியில் போட்டார். ஒரு ஜாடி நிறைந்தது. ஒரு வருடம், பதினாறு செடி, ஒரு குக்கர், ஒரு ஜாடி.

மச்சான் வந்தார். பெட்டியை இறக்கி வைக்குமுன்பே பாய்லர்காரர் ஜாடியைக் கொண்டுவந்து அவர் எதிரில் வைத்தார். வேற ஆவி என்ற பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது அவருடைய காதுகளின் சிவப்பில் தெரிந்தது. மச்சான் மூடியைத் திறந்தார், மோந்தார், கண்ணை மூடினார். பிறகு ஜாடியை மெதுவாக மூடி மேஜைமேல் வைத்தார்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். நான் விட்டுட்டேன்."

"என்னத்த?"

"பைப்பத்தான். எட்டு மாசம் ஆச்சு. நுரையீரல்ல ஏதோ கோடு தெரியுதுன்னு டாக்டர் மிரட்டிட்டாரு. வீடியோ போன்ல பேசும்போது வாயில வச்சிருந்தேனே, அது வெறும் பைப்பு. சும்மா வச்சுக்குவேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல, நீங்க செடி போட்டோவா அனுப்பிக்கிட்டிருந்தீங்க."

பாய்லர்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சானின் நுரையீரலைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. கவலைப்பட்டார், விசாரித்தார், நல்ல காரியம் செய்தீர்கள் என்று மனதாரச் சொன்னார். ஆனாலும் கண் ஜாடியைவிட்டு நகரவில்லை. வீட்டில் புகைப்பவர் யாருமில்லை. மாடியிலும் இல்லை, கீழேயும் இல்லை. இது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இல்லை.

அடுப்படியிலிருந்து மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தம்பியின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த பைப்பை உருவினார். ஒரு சிட்டிகை புகையிலையை எடுத்து விரலால் உதிர்த்து அடைத்தார். எத்தனை வருடம் தம்பி செய்வதைப் பார்த்திருக்கிறார். தீக்குச்சியைக் கிழித்தார்.

"அக்கா, என்ன பண்ற?"

"யாராவது ஒருத்தர் ருசி பாக்க வேண்டாமா?"

ஒரு இழுப்பு. புகையை வாயிலேயே வைத்து, கன்னத்துக்குக் கன்னம் மாற்றி, நாக்கில் உருட்டி வெளியே விட்டார். இன்னொரு இழுப்பு. பாய்லர்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அவர் பைப்பைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டு வாஷ்பேசினுக்குப் போய்த் துப்பி, மூன்று தடவை வாய் கொப்பளித்தார். தொழிற்சாலையில் செய்த மாதிரியே. பிறகு வந்து, தாளில் எழுதுவதை வாயால் சொன்னார்.

"நல்லா வெந்திருக்கு. நாக்கக் கடிக்கல. இனிப்பு பின்னாடி வருது. ஆனா அடி இலையும் மேல் இலையும் கலந்துட்டீங்க, அதான் நடுவுல கொஞ்சம் வெறும் காகிதம் மாதிரி இருக்கு." சற்று யோசித்தார். "ஆவில குத்தம் இல்ல."

பாய்லர்காரர் வேட்டி நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். முப்பத்திரண்டு வருடத்தில் எந்த அதிகாரியும் அவரிடம் அந்த மூன்று வார்த்தையைச் சொன்னதில்லை.

மச்சான் இருந்த பதினைந்து நாளும் அந்தக் கறுப்பை அடைத்து, பற்றவைக்காமல், வெறுமனே உறிஞ்சிக்கொண்டே சுற்றினார். அதிலேயே பாதி மணம் கிடைக்கிறது என்றார். கிளம்பும்போது ஒரு சின்ன ஜாடி வேண்டும் என்று கேட்டார். மோந்து பார்க்க மட்டும்தான் என்று சத்தியம் செய்தார். அக்கா கொடுத்தார், ஆனால் அவர் பையைத் திறந்து தீப்பெட்டி, லைட்டர் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.

டாக்ஸி போனதும் புருஷனும் பெண்டாட்டியும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். இந்த வருடம் முப்பது வாளி போடலாம் என்றார் அவர். எட்டு போதும், மேல் இலை மட்டும் எடுத்தால் போதும் என்றார் மனைவி. யாருக்காக என்று இருவருமே கேட்கவில்லை. வாளிகளை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்து, பேரம் பன்னிரண்டில் வந்து நின்றது.