துரை பார்த்த ஊற்று

1983 மார்ச் மாதம். கேமரன் மலைக்குப் போகக் காலை எட்டு மணிக்குத் தாப்பாவில் பஸ் ஏறினேன். ரிங்லெட் வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் இரண்டு வெள்ளி. வளைவுக்கு வளைவு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“பனியே இல்லாத மலைல என்னா சார் ஆராய்ச்சி?” என்று, நான் பனியை ஆராய்பவன் எனத் தெரிந்துகொண்ட கண்டக்டர் சிரித்தார்.

எனக்கு எரிச்சலாக இருந்தாலும் கேள்வி நியாயமானது. இமயத்தில் கற்குவியலுக்கு அடியில் உறைந்து கிடக்கும் பனி, கோடையில் கசிந்து கீழேயுள்ள ஊர்களுக்கு எவ்வளவு தண்ணீர் தருகிறது என்று அளந்து வந்தவன் நான். கேமரன் மலையில் தண்ணீரைத் தேக்கித் தரும் அந்த வேலையைக் காடு செய்கிறது. காடு குறைந்து வெயிலும் ஏறியதில் ஊற்றுகள் இளைத்துக்கொண்டிருந்தன.

ரிங்லெட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து லோரியில் போனேன். அங்கே தொழிலாளர்களின் லயத்து வீடுகள் அத்தனைக்கும் ஒரே ஊற்றுதான். தண்ணீர் போதவில்லை என்று நான் அளந்து சொன்னால் மேல் ஓடையிலிருந்து குழாய் போட்டுத் தருவதாகத் தோட்டத்து நிர்வாகியான துரை ஒப்புக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் ஊற்று கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது! பக்கத்தில் சேற்றுக் கரையும் நனைந்த சாக்குகளும் கிடந்தன.

“யாரும்மா அடைச்சு வச்சது?” என்றேன்.

கொழுந்து பறிக்கும் தெய்வானை பெருமையாகச் சொன்னாள்: “நாங்கதான் சார். துரை வர்றாருன்னா லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம், கால்வாய் கழுவுவோம். நேத்தே அடைச்சு வச்சு இப்பதான் தொறந்தோம். பெரியவங்க வர்ற அன்னிக்கு ஊத்து காஞ்சு கெடந்தா நல்லாவா இருக்கும்?”

தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அதற்குள் துரையின் ஜீப் வந்துவிட்டது.

“இவ்வளவு தண்ணி ஓடுது, குழாய் எதுக்கு?”

விளக்கினேன், கெஞ்சினேன், குரலையும் உயர்த்தினேன்.

“கண்ணால பாத்தாச்சு,” என்று அவர் ஜீப்பைத் திருப்பினார்.

மாலைக்குள் ஊற்று நூலாகிவிட்டது. அங்கேயே தங்கி மறுநாள் காலை முறையாக அளந்தேன். அந்தக் கணக்கைத் துரை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. அவர்மேல் கோபம், லயத்துக்காரர்கள்மேல் அதைவிடக் கோபம்.

லோரி ஏறும்போது தெய்வானை ஓடி வந்து ஒரு பாட்டில் தண்ணீரை என் கையில் திணித்தாள்.

“வழில தாகம் எடுக்கும் சார்.”

திட்ட வாயெடுத்தவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அந்தப் பாட்டில் நிறைய அவள் எவ்வளவு நேரம் குனிந்து நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அன்று காலை ஊற்றை அளந்தவன் நான்தானே.