வால் நறுக்கிய மீன்கள்

1. மடுவுக்குக் காவல்

மேட்டூரில் அணை கட்டி முடிந்து சில வருஷங்கள் கழித்து எனக்கு மீன் இலாகாவில் வாட்ச்சர் வேலை கிடைத்தது. முதல் நாளே அணைக்கு நேர் கீழே இருந்த மடுவைக் காட்டி, "இங்கே எவனும் வலை போடக் கூடாது. போட்டால் வலையைப் பிடுங்கிக்கொண்டு வா" என்றார்கள். வேலை அவ்வளவுதான்.

ஆற்று மீன் நீரை எதிர்த்து ஏறுகிற ஜாதி. புது வெள்ளம் வந்ததும் முட்டை போட மேலே போகும். அணை வருவதற்கு முன்னால் ஒகேனக்கல் வரைக்கும் அதற்குத் தடை கிடையாது. இப்போது பவானிப் பக்கமிருந்து ஏறி வருகிற மீனெல்லாம் சுவரில் முட்டி, மேலே போக வழியில்லாமல் மடுவில் கூட்டமாக நின்றது. ஷட்டர் திறந்து தண்ணீர் கொட்டும்போது பொம்மீனும் சேல்கெண்டையும் நுரைக்குள் எம்பி எம்பி விழுவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு வீசினாலும் வலை நிறையும். அப்படி அள்ளினால் இனமே அற்றுப்போகும் என்றுதான் தடை. அதில் தப்புச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் தடை விழுந்தது என் மாமனார் தலையில். என் மனைவி பாவாயியின் அப்பா ரங்கன், மடுவுக்குச் சற்றுக் கீழே குடியிருந்தார். பரிசலும் வலையும்தான் அவருக்கும் பக்கத்திலிருந்த சில குடும்பங்களுக்கும் பிழைப்பு. தடை வந்த பிறகு எல்லோரும் கல் உடைக்கப் போனார்கள்.

"கல்லு ஒடைக்கறதுகூடக் கஷ்டமில்லீங்க மாப்ளே" என்பார் மாமா. "கண்ணு முன்னால மீனு துள்றதப் பாத்துக்கிட்டே ஒடைக்கோணும் பாருங்க, அதுதான் முடியலீங்க."

2. சுவருக்கு மேலே

ஒரு கோடையில் ஷட்டரை அடைத்த பின் மடு வேகமாக வற்றியது. தண்ணீர் சூடேறி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்போது எங்களுக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர் கும்பகோணத்துக்காரர், வைத்தியநாதன் என்று பெயர். வெயிலில் குடைகூடப் பிடிக்காமல் மடுவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சென்னியப்பா, இதுங்களால இந்தச் சுவரை ஏற முடியாது. நாமே தூக்கிட்டுப் போய் அணைக்கு மேலே தேங்கின ஏரியில விட்டா என்ன?" என்றார்.

மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கினார். ஏரிக்குள் எங்கே விட வேண்டும் என்பதையும் மேலிடமே சொல்லியது. வண்டிப்பாதை தண்ணீர் வரைக்கும் இறங்குகிற ஒரு மூலை அது. மூன்று பக்கமும் கரை, ஒரு பக்கம்தான் ஏரிக்குத் திறப்பு. வண்டி போக வேறு தோதான இடமும் இல்லை என்பதால் நாங்கள் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மீனை உயிரோடு பிடிக்க வலைக்காரர்கள் வேண்டும். நான் மாமாவிடம் போனேன்.

"மேல கொண்டுபோயி உட்டா அது யாருக்குங்க மாப்ளே?"

"யாருக்கும் இல்லீங்க மாமா. வெள்ளம் வந்தா ஒகேனக்கல் பக்கம் போயி முட்ட போடும். குஞ்சு பெருகுனா ஷட்டர் வழியாக் கீழயும் வரும். அப்ப மடுவ உங்களுக்குத் தொறந்து உடலாம்னு இன்ஸ்பெக்டர் சொல்றாருங்க."

"அவரு சொல்றது இருக்கட்டும். நீங்க சொல்றீங்களா?"

"சொல்றனுங்க."

"அப்பச் செரி" என்று எழுந்து, பரண்மேல் கிடந்த இழுவலையை இறக்கினார்.

வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும். வலையை முழுக்கக் கரையேற்றாமல் தண்ணீரிலேயே சுருக்கி, மீனை ஈரச் சாக்கில் தாங்கி எடுத்து, மாட்டு வண்டியில் இருந்த மரப்பீப்பாயில் விடுவார்கள். பாதி மேட்டில் வண்டியை நிறுத்திப் பழைய தண்ணீரை இறைத்துப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பீப்பாயில் விடுமுன் ஒவ்வொரு மீனின் வால் மேல்நுனியையும் இன்ஸ்பெக்டர் கத்தரிக்கோலால் கொஞ்சம் நறுக்கினார்.

"பின்னாடி எங்கே பிடிபட்டாலும் நாம ஏத்தின மீன்னு தெரியணும். அதை வெச்சுத்தான் எவ்வளவு தூரம் போகுதுன்னு கண்டுபிடிக்கணும்" என்றார்.

சில மீன்கள் வழியிலேயே செத்தன. பெரும்பாலானவை பிழைத்தன. ஒரு பெரிய பொம்மீன் பீப்பாயில் அடங்கவில்லை. மாமா அதை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். வழியெல்லாம் அதன் செவுளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார். ஏரியில் இடுப்பளவு இறங்கி, அது சமாளித்து வாலை அடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு கையை விட்டார்.

"என் கையில சிக்கி உசுரோட போற மொத மீனு இதுதானுங்க" என்று சிரித்தார். தடை வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

3. சந்தை

அந்த வாரச் சந்தைக்கு நானும் மாமாவும் ராகி வாங்கப் போயிருந்தோம். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவரின் கடையில் மீன் மலைபோலக் கிடந்தது. மாமா கடந்து போனவர் நின்றார். ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்து இன்னொன்றை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் வால் நுனி நறுக்கியிருந்தது. குவியலின் ஓரத்தில் அந்தப் பெரிய பொம்மீன் துண்டு போட்டுக் கிடந்தது.

மாமா என்னைப் பார்க்கவில்லை. ராகியும் வாங்காமல் நடந்துவிட்டார்.

நான் ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். இருவரும் ஏரிக்குப் போனோம். நாங்கள் மீன் விட்ட மூலையின் வாயை அடைத்து, கரைக்குக் கரை வலை கட்டியிருந்தது. குத்தகைக்காரர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சாமி. நல்ல காரியம் பண்றீங்க" என்றார்.

"இது முட்டை போடறதுக்காக விட்ட மீன். வலையை எடுங்க."

"ஏனுங்க, ஏரி என் குத்தகை. ஏரியில கெடக்கற மீனு என்னுது. நீங்க மேல கொண்டாந்து உட்டது நானு சொல்லியாங்க?"

அவர் பேசியதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. இன்ஸ்பெக்டர் மேலதிகாரியிடம் போனார். நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே மேலதிகாரி சாவதானமாகச் சொன்னது வெளியே கேட்டது. "குத்தகைக்காரருக்கு நல்ல மகசூல்னா அடுத்த ஏலம் நல்லாப் போகும். இலாகாவுக்கு அதுல என்ன நஷ்டம்? மீனை மேலே விடச் சொன்னோம், விட்டாச்சு."

மழைக்கு முன்னாலேயே வைத்தியநாதனைக் கடற்கரைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். வண்டி ஏறும்போது என்னிடம் சொன்னார்: "எவ்வளவு தூரம் போகுதுன்னு கேட்டோம், சென்னியப்பா. ஒரு கூப்பிடு தூரம்கூடப் போகலை."

4. அடுத்த கோடை

மறுவருஷமும் மடு வற்றியது. புது இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். மீன் ஏற்றுகிற வேலை நிற்கவில்லை. இந்தத் தடவை வண்டியும் ஆளும் குத்தகைக்காரருடையவை. வாலை யாரும் நறுக்கவில்லை.

நல்ல வெயிலில் மாமா வீச்சுவலையோடு மடுவில் இறங்கினார். ஒளியவில்லை. வலையை உதறித் தோளில் போட்டு, எல்லோரும் பார்க்க வீசினார்.

"யாருடா அவன்? வாட்ச்சர், வலையைப் பிடுங்கு" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

நான் தண்ணீரில் கால் வைத்தேன். மாமா கையை நீட்டித் தடுத்தார்.

"நீங்க வராதீங்க மாப்ளே. உங்க கையால வேண்டாம்."

வலையில் விழுந்திருந்த மீன்களைத் தண்ணீரிலேயே உதறிவிட்டார். வலையை மடித்துப் பிழிந்து, கரையேறி வந்து இன்ஸ்பெக்டர் காலடியில் வைத்தார். "எடுத்துக்குங்க சாமி" என்றார். என் வேலை போய்விடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தார். அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு மல்லசமுத்திரம் பக்கம் கடலைக்காட்டு வேலைக்குப் போய்விட்டார். மற்ற குடும்பங்களும் ஒவ்வொன்றாகப் போயின. பாவாயி "எங்கப்பனுக்குக் களை வெட்டத் தெரியாதுங்க" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த மடுவுக்குக் காவல் இருந்தேன். வருஷத்துக்கு வருஷம் ஏறி வருகிற மீன் குறைந்தது. கடைசிக் காலத்தில் ஷட்டர் திறந்தால் வெறும் நுரைதான். வலை போட ஆளும் இல்லை, பிடிக்க மீனும் இல்லை. தடை மட்டும் அப்படியே இருந்தது.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகள் மீன் எப்போது ஏறும், எங்கே நிற்கும், எவ்வளவு தூரம் போகும் என்றெல்லாம் படித்துவிட்டு வருகிறார்கள். படிக்க வேண்டியதுதான். ஆனால் அவர்களிடம் நான் சொல்வது இது: மீனைக் கையில் எடுத்து ஓர் இடத்தில் விடச் சொன்னால், அந்த இடம் யாருடையது என்று விசாரியுங்கள். ஆற்றுக்காரர்களிடம் வாக்குக் கொடுப்பது அதற்கப்புறம். அவர்கள் இலாகாவை நம்பி வருவதில்லை. உங்களை நம்பித்தான் வலையை இறக்குகிறார்கள்.