பிலோமினா கற்றுவந்த மருத்துவம்

வில்லியனூர்ப் பெருமக்களே! பாகூரிலிருந்தும் நெட்டப்பாக்கத்திலிருந்தும் வந்து அவரோடு அமர்ந்து பாடியவர்களே! நம் தங்கை பிலோமினா மறைந்துவிட்டார். கல்லறை மண் காய்வதற்குள், மனநோய்ப் பிரிவில் அவர் நோயாளிகளோடு பாடிவந்த அறையில் உடைந்த கட்டில்களை அடுக்கிவிட்டார்கள். மருத்துவமனை வாயிலில் ஒட்டிய இரங்கல் தாளில் அவரைச் 'செவிலியர்' என்று குறித்திருந்தார்கள். செவிலியர் என்பது சிறுமையான சொல்லன்று. ஆனால் அவர் கடல் கடந்து சென்று இசைமருத்துவத்தில் மேற்பட்டம் பெற்றவர். அப்பட்டத்துக்குரிய பணியிடத்தை இறக்கும்வரை அவருக்குத் தரவில்லை. என் முறையீடு அதுதான்.

செய்தி வந்தபோது நான் நெட்டப்பாக்கத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய தம்பி அந்தோணி மிதிவண்டியை மேடையோரம் சாய்த்துவிட்டு வந்தான். "அண்ணா, அக்கா போயிடிச்சி. மார் வலிக்குதுன்னு படுத்துச்சி. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிடிச்சிண்ணா" என்றான். நான் மேடையேறாமல் அவனோடு புறப்பட்டேன்.

வில்லியனூரை அடுத்த பங்குச் சிற்றூர் ஒன்றில் கிறித்தவக் கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரின் மகளாகப் பிறந்தவர் பிலோமினா. கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர், மருத்துவமனையில் செவிலியர், அஞ்சல்வழியில் உளவியலும் படித்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் எங்கள் படிப்பகத்துக்கு வந்து, பிரான்சில் 'மியூசிக் தெரபி' என்றொரு மேற்படிப்பு இருக்கிறது, விண்ணப்பிக்கப் போகிறேன் என்றார். "இசைமருத்துவம் என்று சொல்லம்மா" என்றேன்.

"மருத்துவம்னு சொன்னா ஊசி போடுவாங்கன்னு ஓடிப்பூடுவாங்கண்ணா. நான் பாட்டு கிளாசுன்னுதான் சொல்லப்போறேன்" என்றார்.

விண்ணப்பத்தோடு, ஏன் இப்படிப்பை விரும்புகிறீர் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். நான் விடுவேனா? யாழையும் குழலையும் உலகுக்கு ஈந்த தமிழினம் என்று தொடங்கி நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்தார். "இன்னாண்ணா இது, நான் எலெக்‌ஷன்லயா நிக்கிறேன்?" என்று திருப்பிக் கொடுத்தார். கன்னியர் பள்ளியில் கற்ற பிரெஞ்சில் தாமே எழுதினார். 'எங்கள் பிரிவில் பேசாமலே இருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் போகப் பாட்டைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதையும் ஒழுங்காகத் தெரியாது. கற்றுத்தாருங்கள்.' அவ்வளவுதான். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது.

கல்லூரியிலிருந்து ஓர் அம்மையார் சென்னைக்கு வருகிறார். அவர் முன் கருவியில் இரண்டு உருப்படிகள் வாசிக்க வேண்டும். ஒரு பாட்டுப் பாட வேண்டும். மூன்றாவது தேர்வு என்னவென்று அங்கேதான் சொல்வார்கள். குறித்த நாள், இயேசு சிலுவையில் இறந்ததற்கு மறுநாளாக அவர்கள் நினைவுகூரும் பெரிய சனிக்கிழமை. அங்கேதான் சிக்கல். பிலோமினாவின் ஊர்க்கோயிலில் பெரிய வியாழன் பூசையில் ஆர்மோனியத்தை மூடித் துணிசுற்றி வைத்துவிடுவார்கள். மணியும் அடிப்பதில்லை; மரக்கட்டையைத் தட்டித்தான் மக்களை அழைப்பார்கள். சனி இரவு உயிர்ப்புப் பூசையில்தான் மீண்டும் இசை எழும். அதுவரை இவர் எந்தக் கருவியையும் தொடமாட்டார்.

"உன் தந்தையிடம் நான் பேசுகிறேன்" என்றேன்.

"அப்பா சொல்லி இல்லண்ணா. நானாத்தான் தொட மாட்டேன்."

"இடம் கைவிட்டுப் போய்விடுமே!"

"வாய யாரும் கட்டலியே. பாடிக் காட்டுறேன், ஒத்துக்குவாங்க."

ஒத்துக்கொள்வார்கள் என்று நானும் நம்பிவிட்டேன். துணைக்குப் போனேன். வெக்கைக்காகத் தேர்வறையின் கதவைத் திறந்தே வைத்திருந்ததால் உள்ளே நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டது, பாதி தெரிந்தது. அம்மையாருக்குத் துணையாகச் சென்னை மருத்துவர் ஒருவர் அமர்ந்திருந்தார்.

"பியானோ இருக்கு. ஆர்மோனியம்னாலும் வாங்கித் தர்றோம். வாசிங்க" என்றார் மருத்துவர்.

"இன்னிக்கு வாசிக்க மாட்டேங்க."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்குது. எங்க கோயில்ல பொட்டி மூடியிருக்குது."

"இது கோயில் இல்லம்மா. பரீட்சை."

"தெரியுதுங்க."

பிறகு பாடினார். பெரிய வெள்ளிக்கிழமையன்று மகனைப் பறிகொடுத்த தாயின் புலம்பலாக அவர்கள் ஊர்ப் பெண்கள் பாடும் பாட்டு. நான் கடவுளை மறுப்பவன். ஆயினும் சொல்கிறேன், தாழ்வாரத்தில் காத்திருந்தவர்களின் பேச்சு நின்றுபோயிற்று.

மூன்றாவது தேர்வில் அம்மையாரே நோயாளியானார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு அமர்ந்து, மேசையை ஒழுங்கின்றித் தட்டத் தொடங்கினார். தேர்வுக்கு வந்தவர் இசையால் அவரை அணுக வேண்டும். முன்னே போனவர்கள் நன்றாகவே வாசித்தார்கள், அம்மையார் திரும்பவில்லை. பிலோமினா தரையில் அமர்ந்தார். நெடுநேரம் ஒன்றுமே செய்யவில்லை. பிறகு அம்மையார் தட்டியதைப் போலவே தரையில் தட்டினார், அதே கோணலோடு. அம்மையார் நிறுத்தினால் இவரும் நிறுத்தினார். சற்றுப்பொறுத்து அம்மையார் வேகத்தை மாற்ற, இவரும் மாற்றினார். அந்தத் தட்டலின்மேல் சொல்லில்லாத மெட்டொன்றை மெல்ல முணுமுணுத்தார். நாற்காலி திரும்பியது.

அத்தோடு முடிந்தது என்று மகிழ்ந்தேன். முடியவில்லை. "இதில் உங்களைப்போல் எவரும் செய்யவில்லை. ஆனால் கருவி வாசிப்பதைக் கேட்காமல் சேர்க்க எங்கள் விதியில் இடமில்லை. அம்மையார் நாளை மாலை விமானமேறுகிறார்" என்றார்கள்.

"நாளைக்குக் காலைல வர்றேன்" என்றார் பிலோமினா. மறுமொழிக்குக் காத்திராமல் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பேருந்து பிடித்து ஊர் திரும்பி உயிர்ப்புப் பூசைக்கு வாசித்தார். பூசை முடிந்ததும், முதல் பேருந்தில் கொண்டுசெல்ல அந்த ஆர்மோனியத்தையே கேட்டோம். உபதேசியார் பெட்டியைத் தூக்கி என் தலையில் வைத்தார்.

"சாமி இல்லன்னு ஊரெல்லாம் கத்துறியேடா. இந்தா, சாமி பொட்டி. தூக்கு."

"தூக்குகிறேன் உபதேசியாரே. உள்ளே காற்றும் பாட்டும்தானே இருக்கின்றன."

"கீழ மட்டும் போட்டுப்பாரு, அவரு இருக்காரா இல்லியான்னு அப்பத் தெரியும்."

பிலோமினா சிரித்த சிரிப்பில் பங்குச் சாமியாரே எட்டிப்பார்த்தார். பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பிலோமினா என் தோளில் சாய்ந்து சென்னைவரை உறங்கினார். காலையில் விருந்தினர் விடுதியின் தாழ்வாரத்தில், பெட்டி கட்டிப் புறப்பட ஆயத்தமாயிருந்த அந்த அம்மையார்முன் உயிர்ப்புப் பாட்டை வாசித்தார். கண்கள் சிவந்திருந்தன, விரல்கள் பிசகவில்லை. சேர்த்துக்கொண்டார்கள்.

படித்து முடித்துத் திரும்பினார். அங்கேயே இருக்கச் சொன்னவர்களிடம், "எங்க ஊர்ல பேசாம இருக்கறவங்களுக்கு உங்க பாட்டு புரியாது" என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கூறினார். இங்கே என்ன நடந்தது? அப்படியொரு பணியிடமே கிடையாது என்றார்கள். மீண்டும் செவிலியர் சீருடை. பணி நேரம் முடிந்த பிறகு, புதன்கிழமை மாலைகளில் மட்டும், பின்கட்டு அறையொன்றைக் கெஞ்சிப் பெற்றார்.

குருவிநத்தத்து உழவர் பெருமாளை உங்களிற் பலர் அறிவீர்கள். ஆற்றுவெள்ளத்தில் மகனை இழந்தபின் வாய் திறவாதவர். புதன்தோறும் மனைவி அவரை அழைத்துவருவார். பிலோமினா அவருக்கருகே அமர்ந்து, அவர் மூச்சின் போக்குக்கேற்ப ஆர்மோனியத்தின் ஒரே சுரத்தை அழுத்திக்கொண்டிருப்பார். மாதங்கள் ஓடின. ஒரு புதனன்று பெருமாள் வாய் திறந்தார். "நிறுத்தும்மா, காது வலிக்குது."

பிலோமினா அன்று மாலையே என் வீட்டுக்கு ஓடிவந்தார். "அண்ணா, என்னைத் திட்டிட்டாருண்ணா!" நெற்றியில் முத்தமிட்டதுபோல் மகிழ்ந்து சொன்னார். பெருமாள் முழுதும் நலமடைந்துவிடவில்லை. இன்றும் குறைவாகவே பேசுகிறார். ஆனால் புதன்கிழமைகளில் பேசுவார். பாட்டு சரியில்லை என்றால் சொல்வார்.

"மேடை ஏறுனதும் கத்தாத அண்ணா. எதிர்ல இருக்கறவங்க இன்னா சத்தம் போடுறாங்கன்னு மொதல்ல கேளு" என்று என்னிடம் அடிக்கடி சொல்வார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது. ஒலிபெருக்கிமுன் நின்றதும் இப்போதெல்லாம் சற்றுநேரம் பேசாமல் நிற்கிறேன். பேச்சு மறந்துவிட்டதோ என்று தோழர்கள் அஞ்சுகிறார்கள். நான் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேட்டதைச் சொல்கிறேன். அவரை அடக்கம் செய்த வாரத்திலும் பெருமாள் வந்தார். கட்டில்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வாரமும் வந்தார். ஆட்சியாளர்களே, அந்த மருத்துவத்தைக் கற்றவர் ஒருவரைக் கண்டுபிடித்து, உரிய பெயரோடு, உரிய ஊதியத்தோடு பணியில் அமர்த்துங்கள். ஆள் வரும்வரை அவ்வறையில் பாட, பிலோமினாவோடு பாடிய பெண்கள் அணியமாக இருக்கிறார்கள். அவர்களை உள்ளே விடுங்கள். பெருமக்களே, இதை அவர்களிடம் நேரில் சொல்ல நாளை காலை மருத்துவமனை வாயிலுக்கு வாருங்கள். கட்டில்களைத் தூக்க ஆளில்லை என்பார்களானால் நாமே தூக்குவோம். நாளை மறுநாள் புதன்கிழமை. பெருமாள் வருவார்.