கிங்ஸ்வுட்டுக்கு அடித்த பச்சை

நெவில் ட்ரெகென்ஸா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊரான மூன்டாவின் மற்ற கிழவர்களைப் போல மீன் பிடிக்கப் போவான் என்று நினைத்தோம். மீன்கள் புண்ணியம் செய்திருக்க வேண்டும். காருக்குப் பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொள்ளப் போவதாக அறிவித்துவிட்டான்.

கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் வாங்கி, ஷெட்டில் உட்கார்ந்து மூன்று வாரம் வீடியோ பார்த்தான். பிறகு குப்பைத்தொட்டி, தபால் பெட்டி, புல் வெட்டும் மிஷின் என்று கையில் அகப்பட்டதற்கெல்லாம் அடித்தான். நாய் சுதாரித்துக்கொண்டு எங்கள் வீட்டில் படுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நான் தினமும் பீரோடு போய் ஆலோசனை வழங்கினேன். எனக்கும் பெயிண்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

அவன் மனைவி ரேலீனிடம் அவள் அப்பா விட்டுப்போன பழைய கிங்ஸ்வுட் கார் இருந்தது. ஊர்த் திருவிழாவின் கார் ஊர்வலத்தில் ஒரு தடவையாவது அதை ஓட்டிவிட வேண்டும் என்று பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அப்பா வச்சிருந்த அதே பச்சை வேணும் நெவ். நீ கெடுத்தேன்னு வையி, ஷெட்டுலயே குடித்தனம் பண்ணிக்க."

இரண்டு மாதம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். தூசி எழும்பாமல் தரையை நனைத்தான், சுற்றிலும் பிளாஸ்டிக் தொங்கவிட்டான். கதவுகள் கண்ணாடி மாதிரி வந்தன. சொல்லவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஊர்வலத்துக்கு மூன்று நாள் இருந்தது. பாக்கி பானட் மட்டும்தான். ஆனால் எங்கள் ஊர் ஈக்களுக்கு பிளாஸ்டிக் திரையெல்லாம் ஒரு பொருட்டா?

"ஒரு ஈ உக்காந்தாலும் போச்சுடா மெர்வ்" என்று முனகிக்கொண்டே நெவில் முகமூடியை மாட்டி, திரும்பி நின்று பெயிண்ட் கலக்கினான். நான் எப்போதும் பையில் வைத்திருக்கும் ஈ விரட்டும் ஸ்ப்ரேயை எடுத்து என் கழுத்துக்குக் கொஞ்சம், பானட்டுக்கு மேலே தாராளமாக அடித்துவிட்டு டப்பாவை மேசையில் வைத்தேன். உதவி என்று வந்துவிட்டால் நான் கணக்குப் பார்ப்பதில்லை.

நெவில் அடித்தான். பெயிண்ட் உட்கார மாட்டேன் என்றது. பானட் முழுக்க வட்டவட்டமாக விலகி, அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக நின்றது. அவன் முகமூடியைக் கழற்றியதும் இரண்டு தும்மல் போட்டு, டப்பாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எண்ணெய்ப் பசை பட்டா ஒட்டாதுடா. முதப் பாடமே அதான்டா."

அதற்குள் ரேலீன் எங்களுக்குச் சுடச்சுட, இறைச்சி அடைத்த பேஸ்டி கொண்டுவந்தாள். பானட்டைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன நெவ் இது?"

"ஈ ஸ்ப்ரேய நாந்தான் யோசிக்காம அடிச்சுத் தொலச்சேன்" என்று நெவில் முந்திக்கொண்டான்.

"மெர்வ், நீ பக்கத்துலதான நின்ன? சொல்லக் கூடாது?"

"நான் சொன்னா இவன் எங்க கேக்குறான்?" என்றேன். என் வாய் தானாகவே சொல்லிவிட்டது. நெவில் உப்புத்தாளை எடுத்தான். நான் இரண்டு பேஸ்டி தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை ஊர்வலத்தில், மறுபடி அடிக்க நேரம் போதாமல், பச்சை உடம்பும், தேய்த்துவிட்ட சாம்பல் பானட்டுமாக கிங்ஸ்வுட் வந்தது. "பாதியில தீந்துபோச்சா நெவ்?" என்று கூட்டம் சிரித்தது. வண்டி ஓட்டிய ரேலீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நெவிலும் சிரித்தான். வண்டிகள் நின்ற இடத்தில் ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன்.

"ரேலீன், அந்த ஸ்ப்ரே... அடிச்சது நாந்தான்."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும். அந்த வாடை பட்டாலே இவனுக்குத் தும்மல் நிக்காது, அதத் தொடவே மாட்டான். முப்பத்தெட்டு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாதா? இவனாவது உண்மையச் சொல்லுவான்னு பாத்தேன், மூச்சு விடல. சரி, நீ எப்ப வாயத் திறக்குறேன்னு பாத்தேன்." கியரைப் போட்டாள். "மூணு நாளாச்சு, மெர்வ்."