விழாத பல்லி

அந்தப் பேக்கரி மாடிக்கு நான் முதன்முதலில் ஏறிப் போனது ஜாஸ் கேட்க அல்ல. ஒரு ழகரத்துக்காக மாட்டிக்கொண்டு போனேன்.

கண்டியில் ஓர் அச்சகத்தில் தமிழ் டைப் செய்கிறவள் நான். கல்யாணக் கார்டு, கண்ணீர் அஞ்சலி, வருஷத்துக்கு ஒரு தரம் பஞ்சாங்கக் கலண்டர், எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். இத்தனை வருஷம் இதையே செய்ததில் ஒரு வியாதி பிடித்துவிட்டது. பிழையாக எழுதிய தமிழைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். பஸ் பலகையோடு சண்டை, மருந்துக் கடைப் பலகையோடு சண்டை. என்னோடு டவுனுக்கு வருவதென்றால் என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளித்தான் நடப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மீன் பணிஸ் வாங்கப் போனேன். பேக்கரி மாடிப்படிக்கு அடியில் ஒரு கரும்பலகை. மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். தமிழில் 'ஜாஸ் இசை நிகள்ச்சி' என்றிருந்தது. அதற்குக் கீழே கீபோர்ட், பேஸ் கிட்டார், டிரம்ஸ் என்று எழுதி எதிரே வாசிக்கிறவர்களின் பெயர்கள். நிகள்ச்சியாம்! பலகையில் நூல் கட்டி ஒரு வெண்கட்டித் துண்டு வேறு தொங்கியது. விடுவேனா? எச்சில் தொட்டு ளவை அழித்துவிட்டு ழவைப் போட்டேன். பின்னால் யாரோ கனைத்தார்கள்.

வெள்ளைத் தாடி வைத்த சிங்களப் பெரியவர் ஒருவர் நின்றார். பலகை எழுதியதும் அவர்தான், மேலே கீபோர்ட் வாசிப்பதும் அவர்தான், அந்தச் சின்னக் கிளப்புக்குத் தலைவரும் அவர்தான். முன்பு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தபோது படித்த தமிழில் அவருக்கு அசாத்தியப் பெருமை. தமிழ் ஆட்களோடு தமிழிலேதான் பேசுவார். நடுவில் ஆங்கிலச் சொல் வந்துவிட்டால் அடுத்த தரம் அதையும் பிடித்துத் தமிழாக்கித்தான் விடுவார்.

"மிஸ், இங்க பிழை பிடிச்சது சரி," என்றார். "மேல வந்து பாட்டிலயும் பிழை பிடிங்க."

போனேன். அவ்வளவுதான், கவிழ்ந்தேன். முப்பது பிளாஸ்டிக் கதிரை, ஒரு டியூப் லைட், மூன்று பேர். பெரியவர் கீபோர்ட்டில். யாழ்ப்பாணத்துப் பல் வைத்தியர் ஒருவர் பேஸ் கிட்டாரில், நோயாளியின் வாயைப் பார்க்கிற அதே முகத்தோடு. டிரம்ஸில் திகனயில் டயர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் தம்பி. மூன்று பேரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அதை உதறிவிட்டு மனம் போன பக்கமெல்லாம் ஓடினார்கள். தொலைந்தே போய்விட்டார்கள் என்று நான் பதறும்போது ஒன்றாகத் திரும்பி வந்து அந்த மெட்டிலேயே நின்றார்கள். அந்த மெட்டுக்குப் பெயர் 'ஹெட்' என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, மீன் பணிஸ் ஆறிப்போனது.

அதன் பிறகு ஒரு ஞாயிறும் விட்டதில்லை. கோயில் பஜனையில் பாடிப் பழகிய தொண்டை சும்மா இருக்குமா? கதிரையில் இருந்தபடியே கூடவே முனகத் தொடங்கினேன். பெரியவர் கவனித்துவிட்டார். இரண்டு நாள் ஒத்திகைக்கு வரச் சொன்னார். அடுத்து வந்த ஞாயிறு ஒரு பாட்டு. மூன்று பேருக்கும் பிடித்தால் பலகையில் 'பாட்டு' என்று ஒரு வரி, எதிரே என் பெயர். பிடிக்காவிட்டால் பழையபடி கதிரை. ஊரில் பாதிப் பேரின் பெயரை நான் கார்டில் அடித்திருக்கிறேன். என் பெயரை யாரும் எங்கேயும் எழுதியதில்லை. அந்த ஒரு வரிக்காக நான் எப்படி ஆசைப்பட்டேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும்.

பாட்டு பெரியவர் கட்டியது. கடுகண்ணாவை மலையில் ரயில் ஏறுகிற மாதிரி தாளம், வார்த்தையே கிடையாது. ஹெட்டை நான் தந்தன்னாவில் பாட வேண்டும். பிறகு இரண்டு சுற்று இஷ்டத்துக்குப் பாட வேண்டும். அது முடியும்போது அவர் "ஹெட்" என்பார், நான் திரும்ப வேண்டும். ஒத்திகையில் அப்படித்தான் செய்தோம்.

அந்த ஞாயிறு மைக்குக்கு நேர் மேலே, டியூப் லைட்டின் ஓரத்தில் ஒரு பல்லி இருந்தது. நல்ல தடியன். பாடத் தொடங்குமுன்பே அதைப் பார்த்துவிட்டேன்.

ஹெட் நன்றாகப் போனது. இரண்டு சுற்றும் கண்ணை மூடிக்கொண்டு ஆனந்தமாகப் பாடினேன். கண்ணைத் திறந்தால் பெரியவர் என்னைப் பார்த்துத் தன் உச்சந்தலையில் தட்டிக்கொண்டிருக்கிறார். ஒத்திகையில் இந்தத் தட்டலே கிடையாது. எனக்கு விளங்கவில்லை என்று கண்டதும் அவர் மரியாதையாக, நல்ல தமிழில், "மிஸ், தலை! தலை!" என்றார்.

மேலே பார்த்தேன். டியூப் லைட்டில் பல்லி இல்லை.

தலையில் பல்லி விழுந்தால் கலகம். பஞ்சாங்கத்தில் அந்தப் பக்கத்தை வருஷா வருஷம் டைப் செய்கிறவளே நான்தான்! பாட்டை நிறுத்தினால் என் வரி போய்விடும். நிறுத்தாவிட்டால் பல்லி சட்டைக்குள் போய்விடும். பாடிக்கொண்டே தலையை உதறினேன். தந்தன்னா போய் "ஐயய்யோ ஐயய்யோ" வந்தது. குரல் நான் அதுவரை போகாத உயரத்துக்குப் போனது. கொண்டை அவிழ்ந்தது. கிளிப் பறந்து போய் சிம்பலில் 'டிங்' என்று விழுந்தது. திகன தம்பி அதை ஏதோ சைகை என்று நினைத்து வேகத்தைக் கூட்டினார். நான் ஒற்றைக் காலில் குதித்தேன். பெரியவர் விடாமல் தலையில் தட்டினார், நான் விடாமல் கத்தினேன். கதிரைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். எத்தனை சுற்று போனோம் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

கடைசியில் பல் வைத்தியர்தான் என் பக்கம் சாய்ந்து ஒரே சொல் சொன்னார்: "ஹெட்."

அட கடவுளே! ஹெட்டைத்தான் மனுஷன் தலை என்றிருக்கிறார்! அந்த நிமிஷமே மெட்டுக்கு வந்து விழுந்தேன். நான்கு பேரும் ஒன்றாக நின்றோம். மாடி அதிர்ந்தது.

பிறகு கீழே பேக்கரியில் ஒரே மேசையில் பிளேன்டீ குடித்தோம். கலைந்த தலையோடு நான், எதிரே மூன்று நீதிபதிகள். அப்படி இஷ்டத்துக்குப் பாட எங்கே பழகினீர்கள் என்று பெரியவர் கேட்டார். இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தீர்களே என்று ஆச்சரியப்பட்டார். ஆமாம் சேர் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வரி என்னுடையது. வாய் வரை வந்தது. ஆனால் ஊரார் பிழையையெல்லாம் திருத்துகிறவள் இதை மட்டும் எப்படி விடுவது?

"அது பாட்டு இல்ல சேர்," என்றேன். "தலையில பல்லி விழுந்திருச்சுன்னு பயந்து கத்தினேன்."

பெரியவர் பல்லி என்ற சொல்லை இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் "ஹூனா?" என்றார். தலையில் ஹூனா விழுந்தால் என்ன ஆகும் என்று அவர் வீட்டிலும் சாஸ்திரம் பார்ப்பார்களாம். தேநீர் புரையேறி, தாடியெல்லாம் நனைந்து, மேசையில் கவிழ்ந்து சிரித்தார். திகன தம்பி அந்த இடத்திலேயே எனக்குப் பல்லி அக்கா என்று பெயர் வைத்துவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. போச்சு, கதிரைதான் என்று இருந்தேன்.

பல் வைத்தியர் மட்டும் நிதானமாகப் பணிஸை மென்று முடித்தார்.

"ஓம், பயந்தனீங்கள்," என்றார். "ஆனா தாளத்தை விடேல்லையே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன முடிவு என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு வீட்டுக்காரரும் கூட வந்தார், பத்தடி தள்ளித்தான். மாடிப்படி அடியில் பலகை நின்றது. டிரம்ஸுக்குக் கீழே புதிதாக ஒரு வரி, பெரியவரின் உருண்டைக் கையெழுத்தில்:

'பாட்டு: பள்ளி அக்கா.'

பள்ளியாம்! பெரிய ள! தொழுகைக்குப் போகிற பள்ளியா, பிள்ளைகள் படிக்கிற பள்ளியா? கை அரித்தது, சும்மா அரிக்கவில்லை, தீயாக அரித்தது. வெண்கட்டி நூலில் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பத்தடியையும் கடந்து வந்து பலகையை வாசித்தார், என்னைப் பார்த்தார், தானே வெண்கட்டியை எடுத்து நீட்டினார்.

"என்னா, திருத்தலையா?"

"அதுல யாராச்சும் கைய வச்சா தெரியும்," என்றேன். "அது என் வரி."

கையைச் சேலைத் தலைப்பில் இறுகச் சுற்றிக்கொண்டு மாடி ஏறினேன்.