முதலில் நாஷ்டா

மஸ்தான் மரைக்காயர் எங்களைப் பிடித்து உட்கார வைத்துச் சாப்பிட வைத்தது உபசாரமா, தந்திரமா? பழவேற்காட்டில் அவரோடு பழகிய உங்களில் யாராவது சொல்லக்கூடும். எனக்குத் தெரியவில்லை.

ஆரம்பாக்கத்தில் தம்பி வீட்டில் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது அவர் இறந்த செய்தி வந்தது. கும்மிடிப்பூண்டிக்குப் போய் வந்த தம்பி, வண்டியை விட்டு இறங்காமலே, "அக்கா, உன் கொக்கு பாய் பூட்டாராம்" என்றான். மரைக்காயர் கருவாட்டு வியாபாரி. பறவை பார்க்க வருகிற நாங்கள் அவர் வீட்டில்தான் தங்குவோம். அதனால் வந்த பெயர் அது.

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறவள். மார்கழிதோறும் பழவேற்காட்டுக்குப் போனது ஒரே காரியத்துக்கு. பூநாரைக் கூட்டத்தோடு சாம்பல் நிறக் குஞ்சுகளும் வருமென்றும், விடியும்போது கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் நிற்குமென்றும் அவர் சொன்னார். படகுகள் கிளம்பியதும் எல்லாம் ஏரியின் நடுவுக்குப் போய்விடுமாம். கேட்டதை எழுதுவது என் வழக்கமில்லை. கண்ணால் பார்க்க வேண்டும்.

இருட்டோடு எழுந்து வந்தால் வாசலில் அவர் நிற்பார்.

"இன்னா டீச்சரம்மா, வெறும் வயித்தோடயா? உக்காருங்க, நாஷ்டா ஆவுது."

"வந்து சாப்பிடறேன் பாய். விடிஞ்சிடும்."

"விடியட்டுமே. தெனமும்தான் விடியுது."

இடியாப்பம் வரும். பிறகு ஆப்பம். எழுந்தால், "இறால் இன்னும் அடுப்புல கீது" என்பார். கை கழுவும்போது வெயில் ஏறியிருக்கும். ஏரியில் நீர்க்காகங்கள் இருக்கும். தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு. "தோ, கீது பாருங்க!" என்று பெருமையாகக் காட்டுவார். பல குளிர்காலங்கள் இப்படியே வீணாயின.

ஒருமுறை சென்னையிலிருந்து ஒருவர் துப்பாக்கியோடு வந்தார். அவருக்குக் காலையிலேயே பிரியாணி. உச்சி வெயிலில் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"பாவம், தூங்கட்டும். குண்டு எங்க பூடும்?" என்றார் மரைக்காயர்.

எனக்குச் சுருக்கென்றது. "அப்போ நானும் துப்பாக்கிதானா, பாய்?"

அவர் என் தட்டில் இன்னொரு ஆப்பம் வைத்தார்.

அடக்கம் முடிந்த பிறகே நான் போய்ச் சேர்ந்தேன். அவர் மனைவி உள்ளறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கி சீக்கிரமா போயி பாத்துடுங்கம்மா. ஊட்ல அடுப்பு எரியாது. நிறுத்தி வைக்க ஆளு இல்ல" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா என்பதும் விளங்கவில்லை. மரைக்காயரால் எனக்கு மிஞ்சியவை ஒரு கேள்வியும், நான் பார்க்காத ஒரு பறவையும்தான் என்று அன்றிரவு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நடந்தது இது. இருட்டில் கிளம்பினேன். கடைத்தெருவில் ஒரு ஜீப் நின்றது. உள்ளே மூன்று பேர், இரண்டு துப்பாக்கிகள்.

"அம்மா, பறவைங்க எந்தப் பக்கம்?"

ஏரி கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. படகு ஒன்றும் இன்னும் கிளம்பவில்லை.

"வெறும் வயித்தோடயா?" என்றேன். "முதல்ல நாஷ்டா பண்ணுங்க. நல்ல கடை இருக்கு, காட்டறேன்."

இடியாப்பக் கடையில் அவர்களோடு நானும் உட்கார்ந்தேன். அவர்கள் எழப் பார்த்தபோதெல்லாம் இன்னும் வைக்கச் சொன்னேன். கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது படகுகள் போய்விட்டிருந்தன. ஏரியில் நீர்க்காகங்கள் இருந்தன. தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு.

குஞ்சுகளை நான் இன்னும் பார்க்கவில்லை.