வெள்ளெலிகளுக்காகச் சாத்திய கதவு

“…வெசம் ஒரு பொட்டுக்கூடக் கலக்கல. தோணிக்கு அடிக்கிறதைத்தான் இங்கனயும் அடிச்சேன்,” என்றார் வீட்டுக்காரர் சூசை அண்ணாச்சி. அவர் காலடியில், எங்கள் படுக்கையறைத் தரையில், என் மகள் வளர்த்த இரண்டு வெள்ளெலிகளில் ஒன்று வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. அவர் பேசியது என்னிடம் அல்ல, ஒன்பது வயது ராணியிடம்.

பர்மாவிலிருந்து நடந்து வந்து ஊர் ஊராய்ச் சிதறிக் கிடக்கும் நம்மவர்களுக்காகவும், எங்களுக்கு இடம் கொடுத்த இந்தத் தூத்துக்குடிக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இது என் தகப்பனாரின் ஊர். ரங்கூனில் பிறந்த எனக்கு அவர் பேச்சில் மட்டும் இருந்த ஊர். அங்கே நம்மைக் ‘கலா’, அந்நியன், என்று தள்ளி வைத்தார்கள். இங்கே, துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் குறி போடும் இடத்தில், என் பெயரே ‘பர்மா’ ஆகிவிட்டது. கோபத்தில் அல்ல, பிரியமாகத்தான் கூப்பிடுகிறார்கள். இருந்தும் கூப்பிடும்போதெல்லாம், வந்து சேர்ந்த நாளுக்கே திரும்பிப் போய்விடுகிறேன்.

ராணி எந்தக் கதவையும் சாத்த விடமாட்டாள். வழியில் ஒரு முகாமில் என் மனைவி காய்ச்சலில் கிடந்தாள். குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, குடிசைக் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீருக்குப் போனேன். வரிசை நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது உயிரோடு இருந்தவள் ராணி மட்டும். மழை அடித்தாலும் சரி, இந்த வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அண்ணாச்சி ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை.

அப்புறம்தான் வெள்ளெலிகள் வந்தன. உப்பளத்துக்கு அப்பால் மணல்மேட்டில் கறிக்காக வெள்ளெலி வளை தோண்டிக்கொண்டிருந்தவரிடம் கெஞ்சி, இரண்டு குட்டிகளை அவள் மடியில் கட்டி வந்தாள். எதிர்வீட்டு மரியம்மை, “ஏளா, கறிக்கு எங்களையும் கூப்பிடுவியா?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் அவளே குட்டிகளுக்கென்று ஒரு கை கம்பு கொண்டுவந்தாள். இந்த ஊர்க் கேலியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நான் இன்னும் பழகவில்லை.

அந்தி நேரத்தில் குட்டிகளை அறையில் ஓட விடவேண்டும் என்றாள் ராணி. கருவாடு காயும் தெரு இது, பூனைகளுக்குக் குறைவில்லை. குட்டிகள் விழாதபடி தண்ணீர்ப் பானையை வெளியே வைத்தாள். பாயை உதறாமல் சுருட்டக் கூடாது, காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தே நடக்க வேண்டும் என்று எனக்கு உத்தரவு போட்டாள். பிறகு போய்க் கதவைச் சாத்தினாள். அவளே, தன் கையால்.

சுவரடியில் மட்டும் விரல் நுழையும் இடுக்குகள் இருந்தன. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்குத் தொழிலே கலப்பத்து அடிப்பது: தோணிப் பலகைகளின் இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் சுறா எண்ணெயும் காய்ச்சிப் பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அரை நாள் உளியும் சுத்தியலுமாய் உட்கார்ந்தார். “கடலே உள்ள வராது, எலியா வெளிய போகும்?” என்று ராணியைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

கடலில் அந்தப் பஞ்சைக் கொறிக்க எதுவும் வருவதில்லை. அறையில் எண்ணெய் வாசம் பிடித்துக் குட்டி கொறித்திருக்கிறது. அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் செத்துவிட்டது. சேதி கேட்டு அண்ணாச்சி வேலையை விட்டு, கையில் ஒட்டிய குங்கிலியக் குழம்போடு ஓடி வந்தார். அவர் அறைக்குள் வந்ததுமே ராணி கேட்டாள்: “என்னத்த வச்சீக?”

அதற்குத்தான் நான் முதலில் எழுதிய அந்தப் பதிலைச் சொன்னார். ராணி மற்றக் குட்டியைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போய், கதவின் இரண்டு பலகைகளையும் சுவரில் முட்டும் வரை திறந்து வைத்தாள். அண்ணாச்சி சுவரடியில் குந்தினார். தான் அடித்த பஞ்சில் ஒரு துண்டை நகத்தால் நோண்டி எடுத்து, அவள் பார்க்க வாயில் போட்டு, மென்று காட்டினார்.